90 வயதில் போன பாட்டியின் காரியத்துக்குக் கானா, அதாவது சென்னைத் தெருப்பாட்டு, வைக்கிறார்கள். துக்க வீட்டில் பாட்டு எதற்கு?

பேரன், கொள்ளுப்பேரன் பார்த்துவிட்டுப் போனால் அதைக் கல்யாணச் சாவு என்பார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து வழியனுப்புவார்கள். அப்புறம் வடசென்னையில் காரியத்துக்கு முந்தின ராத்திரி கானா வைப்பது வழக்கம்.

அந்தப் பாட்டில் போனவரின் வாழ்க்கையே வரும். பாடகர் முதலில் வீட்டாரிடம் உட்கார்ந்து கேட்பார்: பெற்றோர் யார், எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், எந்தச் சாமி. அதையெல்லாம் தெரிந்த மெட்டில் கோத்து விடிய விடியப் பாடுவார். ஒரு காலத்தில் சட்டியும் மேசையுமே தாளம். பிறகு டோலக்கும், புல்புல்தாரா என்ற தந்தி வாத்தியமும் சேர்ந்தன.

சாமி விஷயத்தில் கானாவுக்கு வேலி கிடையாது. அம்மனும் வேளாங்கண்ணி மாதாவும் ஒரே ராத்திரியில் வருவார்கள். ராயபுரத்தில் அடங்கிய சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபுவைத் (1792–1838) தங்கள் முன்னோடியாகச் சொல்லும் கானாப் பாடகர்கள் உண்டு.

என் ஆயா காசிமேட்டில் மீன் விற்றவர். ஆடியில் கூழ் ஊற்றும்போது அம்மன் தாலாட்டை அவர்தான் எடுத்துக் கொடுப்பார். அவருடைய காரியத்தில் பாடகர், ஆயாவின் நசுங்கிய அன்னக்கூடையையும், கடன் கொடுத்துவிட்டு அவர் திருப்பிக் கேட்காமல் விட்ட நாலு வீட்டையும் பாட்டில் வைத்தார். அதுவரை கல்லாக இருந்த என் மாமா அங்கேதான் வாய்விட்டு அழுதார்.

அதனால் பாடகர் கேட்கும்போது பெயர்களோடு நிறுத்தாதீர்கள். பாட்டி முணுமுணுத்த பாட்டையும், உங்களைத் திட்டும் சொல்லையும் சொல்லுங்கள். போனில் பதிவும் செய்துகொள்ளுங்கள். அப்போதைக்குக் கட்டிப் பாடுவது அது. மறுநாள் கேட்டால் அவருக்கே முழுதும் நினைவிருக்காது.