உயிரியல் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சிக்குப் போக எதைக் கற்க வேண்டும்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கோம். தங்கச்சி பி.எஸ்சி. அக்ரி கடைசி வருஷம். மருந்தடிக்காம பூச்சியைக் கட்டுப்படுத்துற ஆராய்ச்சிக்குப் போகணுங்கிறா. பொண்ணுக்குச் சரிப்படுமா?

தாராளமாகப் போகலாம். இத்துறையின் முக்கிய நிறுவனமான பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்துக்கு (என்.பி.ஏ.ஐ.ஆர்.) சாந்தீஷ் பல்லால் என்ற பெண் விஞ்ஞானி இயக்குநராகவே இருந்திருக்கிறார். எம்.எஸ்சி. பூச்சியியல், பிஎச்.டி., ஏ.ஆர்.எஸ். (வேளாண் ஆராய்ச்சிப் பணி) தேர்வு என்பதுதான் வழக்கமான பாதை. ஆனால் ஆளைத் தூக்கி நிறுத்துவது பூச்சி வளர்க்கத் தெரிந்த கை என்பேன்.

டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணியில் தொடங்கட்டும். பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அழிக்கும் குட்டிக் குளவி இது. அதை வளர்க்க முட்டை வேண்டும். அதற்கு முதலில் கார்சைரா என்ற அந்துப்பூச்சியை வளர்க்க வேண்டும். ஒரு டிரேக்கு உடைத்த கம்பு 2.5 கிலோ, நிலக்கடலைத் தூள் 100 கிராம், நனையும் கந்தகம் 5 கிராம், அந்து முட்டை அரை சி.சி. (கன சென்டிமீட்டர்). சுமார் 40 நாளில் அந்து வெளிவரும். அது இடும் முட்டையைச் சலித்து, புற ஊதா விளக்கில் காட்டிக் கருவைக் கொன்று, அட்டையில் ஒட்டி, 6 சி.சி. அந்து முட்டைக்கு 1 சி.சி. ஒட்டுண்ணி ஏறிய முட்டை என்ற கணக்கில் விட்டால் மூன்று நாலு நாளில் ஒட்டுண்ணி ஏறிய முட்டை கறுக்கும். விளக்கில் காட்டாவிட்டால் தப்பிய முட்டையிலிருந்து புழு பொரித்து, கறுத்த முட்டைகளையும் தின்றுவிடும்.

கந்தகம் குறைந்தால் டிரேயில் பேன் (மைட்) பிடிக்கும். அதைவிடப் பெரிய தலைவலி பிரக்கான் என்ற புழு ஒட்டுண்ணிக் குளவி. உள்ளே நுழைந்தால் புழுக்களைக் கொட்டி முடக்கி, டிரே டிரேயாகக் காலி செய்யும். அதை அந்து அறைப் பக்கமே வளர்க்கக் கூடாது. அந்தின் செதில் மூச்சுத்திணறல் தரும். முகக்கவசம் கட்டாயம். தங்கைக்கு ஆஸ்துமா உண்டா என்பதை இப்போதே யோசியுங்கள்.

நெல் தண்டுத்துளைப்பானுக்கு டிரைக்கோகிரம்மாவில் ஜப்பானிக்கம் இனம், ஏக்கருக்கு 2 சி.சி., நட்ட 30, 37ஆம் நாள். அட்டையை வெயில் தாழ இலையின் அடியில் கட்ட வேண்டும். வழியிலேயே குளவி பொரித்த அட்டையால் பயனில்லை. திருச்சூர் அருகே மண்ணுத்தியில் மாநில உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகம் இருக்கிறது. அனுமதி கேட்டுப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர்த் தென்னையிலும் பாடம் இருக்கிறது. 2016இல் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயை அடக்குவது என்கார்சியா குவாடலூப்பே ஒட்டுண்ணி. அது கார்சைரா முட்டையில் வளராது. உயிருள்ள வெள்ளை ஈக் குஞ்சு வேண்டும். அதனால் ஒட்டுண்ணி ஏறிய ஓலைத் துண்டை வெட்டி, ஒட்டுண்ணி இல்லாத தோப்பில் கட்டுகிறார்கள். மருந்தடித்த தோப்பில் துண்டு எடுக்காதீர்கள்.