துப்பாக்கி பிடித்தவர்தான் விமர்சிக்க வேண்டுமா?

கேள்வி: விமானப்படைப் பயிற்சி முகாமில் நடக்கும், பிரிட்டிஷ் நாடக ஆசிரியர் ஆர்னல்ட் வெஸ்கரின் ‘சிப்ஸ் வித் எவ்ரிதிங்’ நாடகம் பற்றி நீங்கள் வெளியிட்ட விமர்சனத்தைப் படித்தேன். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர் பயிற்சி முகாமைப் பற்றி என்ன எழுத முடியும்? திட்டும் தண்டனையும் இல்லாமல் எந்தப் படையும் உருவானதில்லை. ராணுவ ஒழுங்கை இழிவுபடுத்தும் நாடகத்துக்கு இவ்வளவு பாராட்டு எதற்கு?
- முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், வேலூர்

பதில்: சல்யூட் சரியா, பயிற்சி கொடுக்கும் கார்ப்பரலின் அதட்டல் சரியா என்பதெல்லாம் எங்கள் விமர்சகரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், ஐயா. ஆனால் அதோடு நின்றுவிட்டால் நாடகத்தைப் பார்த்ததாக ஆகாது. மேலும், இதை எழுதியவரே பயிற்சியில் நின்றவர். வெஸ்கர் 1950 முதல் 1952 வரை பிரிட்டிஷ் விமானப்படையில் கட்டாயச் சேவை செய்தார். 1962-ல் லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் ஜான் டெக்ஸ்டர் இதை மேடையேற்றியபோது, கட்டாயச் சேவைக்கு ஆள் எடுப்பது நின்று இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பார்க்க வந்தவர்களுக்கு அந்த பரேடு மைதானம் பழகிய இடம்.

ஒழுங்கை இழிவுபடுத்துகிறது என்கிறீர்கள். அந்த நிலக்கரித் திருட்டுக் காட்சியை மறந்துவிட்டீர்களா? குளிரில் நடுங்கும் பையன்கள், காவலுக்கு நடப்பவன் முதுகைத் திருப்பும் நேரத்தைக் கணக்குப் போட்டு, வேலி தாண்டி நிலக்கரி எடுத்து வருகிறார்கள். ஒரு வார்த்தை பேச்சு இல்லை. ஒருவன் கை நீட்டும் இடத்தில் அடுத்தவன் கை இருக்கிறது. பல பேர் ஓருடலாக இயங்குவதன் அழகை இவ்வளவு ஆசையோடு காட்டியவருக்கு ஒழுங்கின்மேல் என்ன பகை? அந்த ஒழுங்கு யாருக்காக என்பதுதான் அவருடைய கேள்வி.

பிப் என்ற பணக்கார வீட்டுப் பையனைப் பாருங்கள். அப்பா முன்னாள் ஜெனரல். இவன் அதிகாரி ஆக மறுத்து, தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளோடு சிப்பாயாகவே இருப்பேன் என்கிறான். வைக்கோல் பொம்மையைத் துப்பாக்கிக் கத்தியால் குத்தச் சொன்னால் குத்த மாட்டேன் என்கிறான். சரி, இவனை எப்படி உடைக்கிறார்கள்? அடித்து அல்ல. ‘உன் வர்க்கத்தில் போட்டி அதிகம், இந்தப் பையன்கள் நடுவில் நீ ராஜா, அதனால்தான் இங்கே இருக்கிறாய்’ என்ற பொருளில் ஓர் அதிகாரி சொல்கிறார். அது பாதி உண்மை என்பதால் அவனால் தாங்க முடியவில்லை. பொம்மையைக் குத்துகிறான். கடைசியில் அதிகாரி உடுப்பையும் போட்டுக்கொள்கிறான். பயிற்சி மனிதனுக்குள் எந்த இடத்தைத் தேடிப் பிடிக்கிறது என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன நாடகங்கள் குறைவு. எங்கள் விமர்சகர் இதைத்தான் பாராட்டினார், நானும் பாராட்டுகிறேன்.

நடிப்பு, ஒளியமைப்பு பற்றியெல்லாம் கருத்து மாறுபடலாம், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

ஆனால் ஸ்மைலரை நீங்கள் ஒரு வார்த்தைகூடக் குறிப்பிடவில்லையே, அதுதான் எனக்கு வருத்தம். பிறவியிலேயே சிரிப்பது போன்ற முகம் அமைந்த பையன். அந்த முகத்துக்காகவே கார்ப்பரல்கள் அவனை வதைக்கிறார்கள். ஓடிப்போகிறான், போக இடமில்லாமல் ரத்தம் வழியும் கால்களோடு திரும்பி வருகிறான். ‘தண்டனை இல்லாமல் படை இல்லை’ என்கிறீர்கள். இந்தப் பையனுக்குக் கிடைத்த தண்டனையால் படைக்கு என்ன லாபம்? பயிற்சி முகாமில் இருந்தவர் நீங்கள், உங்கள் கூடாரத்திலும் இப்படி ஒருவன் இருந்திருக்கக்கூடும். அவனை வைத்து இந்த நாடகத்துக்கு ஒரு விமர்சனம் எழுதி அனுப்புங்கள். வெட்டாமல் போடுகிறேன்.