டாம்பா இத்தாலியன் கிளப்: கட்டடத்தைத் தவிர என்ன மிச்சம்?

கேள்வி: வெளிநாட்டில் குடியேறியவர்கள் அந்தக் காலத்தில் தொடங்கிய பரஸ்பர உதவிச் சங்கங்கள் விட்டுச்சென்றது என்ன? பழைய கட்டடங்கள் மட்டும்தானா?

எனக்கு ஓரளவு தெரிந்த ஒரு சங்கத்தை வைத்துச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், டாம்பா நகரத்து ஈபோர் சிட்டியில் இருக்கும் 'லூனியோனே இத்தாலியானா'. ஊர்க்காரர்களுக்கு அது இத்தாலியன் கிளப். அங்கே வேலை பார்த்த இரண்டு வருடமும் ஏழாவது அவென்யூவில் இருக்கும் அந்தத் தூண் வைத்த மாளிகையைத் தாண்டித்தான் போய்வந்தேன். வசதியானவர்கள் சீட்டாடும் இடமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கிளப் என்ற பெயர் செய்த வேலை!

உண்மையில் அது சுருட்டுத் தொழிலாளர்களின் சங்கம். 1880களில் விசென்டே மார்டினெஸ் ஈபோர் இங்கே சுருட்டு ஆலை வைத்த பிறகு, சிசிலித் தீவின் சாந்தோ ஸ்தெஃபானோ குவிஸ்குவினா போன்ற மலையூர்களிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 1894இல் சங்கம் தொடங்கியபோது 116 இத்தாலியர், கூடவே 8 ஸ்பானியர். ஆலைக்குள் பேச்சு ஸ்பானிஷ்தான். சிசிலிக்காரர்களில் பலர் ஆங்கிலத்துக்கு முன்பே அதைக் கற்றுக்கொண்டார்கள். அதனால் அந்த எட்டுப் பேர் விருந்தாளிகள் அல்ல, பக்கத்து மேசைக்காரர்கள்.

சந்தா கட்டினால் டாக்டர், மருந்து, செத்தால் அடக்கம். அவ்வளவுதான் ஏற்பாடு. நோய் வருவதற்கு முன்பே ஊர்கூடிப் பணம் போட்டு டாக்டரை அமர்த்திக்கொள்வது. இன்று நம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே மருத்துவக் காப்பீடு, கிட்டத்தட்ட அதுவேதான். ஆனால் நடத்தியது கம்பெனி அல்ல, சந்தா கட்டியவர்களே. அமெரிக்க டாக்டர் சங்கங்களுக்கு இந்த முறை துளியும் பிடிக்கவில்லை; ஃபீஸ் குறைந்துவிடும் என்ற கவலை. முக்கியமான மிச்சம் என்றால் எனக்கு இதுதான்.

இன்னொன்று சங்கத்தின் கல்லறைத் தோட்டம். நண்பர் ஒருவர் கூட்டிப்போனார். கல்லில் பதித்த முட்டை வடிவப் பீங்கான் படங்களில் மீசைக்காரர்களும் கறுப்புச் சட்டைப் பாட்டிகளும் நம்மையே பார்க்கிறார்கள். ஒரு படத்தில் நெற்றிக்குக் குறுக்கே கீறல், கண்கள் மட்டும் அப்படியே. கடல் தாண்டி வந்தவனுக்கு அநாதைப் பிணமாகிவிடுவோமோ என்ற பயம் எவ்வளவு இருந்திருக்கும் என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

எல்லாமே பெருமைப்பட்டுக்கொள்ளும்படி இல்லை. அந்த ஊர்ச் சங்கங்கள் இனம் பார்த்தன. அதே சுருட்டு ஆலைகளில் வேலை பார்த்த கறுப்பினக் கியூபர்கள் 1900இல் தங்களுக்கென்று தனிச் சங்கம் வைக்க வேண்டியிருந்தது. பின்னாளில் அது மார்த்தி-மாசேயோ என்று பெயர் பெற்றது.

அப்புறம் சுருட்டுத் தொழில் படுத்தது. அரசு ஓய்வூதியமும் கம்பெனிக் காப்பீடும் வந்தன. பிள்ளைகள் புறநகருக்குக் குடிபோனார்கள். 1960களில் நகரச் சீரமைப்பு என்று வீடுகளை வரிசையாக இடித்தார்கள், நடுவே நெடுஞ்சாலையும் வந்தது. கிளப் தப்பியது. இப்போது அங்கே கல்யாண வரவேற்பு நடக்கிறது.

டாம்பா போனால் முதலில் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள், பிறகு கிளப்புக்குப் போகலாம். காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியான வெயில் நம்மூர் சித்திரையைத் தோற்கடிக்கும்.