டோர்மர் போடுறதுக்கு முதல், படி எங்க வரும் எண்டு பாருங்கோ

லண்டன் ஹரோ பக்கம் இருக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "அண்ணா, எங்கட வீடு 1930களில கட்டின செமி (ஒரு பக்கம் பக்கத்து வீட்டோட ஒட்டின வீடு), மூண்டு பெட்ரூம். பிள்ளையள் ரெண்டு பேரும் வளந்திட்டினம், ஊரிலயிருந்து அம்மாவும் வந்து எங்களோடதான் இருக்கிறா. லொஃப்டில (கூரைக்குக் கீழ இருக்கிற வெறும் இடம்) பின்பக்கமா டோர்மர் (சரிவுக் கூரையிலயிருந்து பெட்டி மாதிரி வெளிய எழும்பி நிக்கிற, ஜன்னல் வைச்ச பகுதி) போட்டு ஒரு அறையும் பாத்ரூமும் எடுக்கலாம் எண்டு யோசிக்கிறம். ஒரு பில்டர் வந்து பாத்திட்டு, பிளானிங் (கவுன்சிலிட கட்டட அனுமதி) ஒண்டும் தேவையில்லை, இருக்கிற மரத்துக்கு மேல பலகை அடிச்சு விட்டாக் காணும், ஆறு கிழமையில முடிச்சுத் தாறன் எண்டு சொல்லுறார். நம்பலாமோ? எங்கயிருந்து தொடங்கிறது?"

தங்கச்சி, பிளானிங் தேவையில்லை எண்டு அவர் சொன்னது உங்கட வீட்டுக்கு சரியா இருக்கக்கூடும். ஆனா பலகை அடிச்சாக் காணும் எண்டது பிழை, அதுவும் ஆபத்தான பிழை, அதை முதல் சொல்லிட்டு மிச்சத்துக்கு வாறன்.

இப்ப லொஃப்டில நீங்கள் கால் வைக்கிற மரம் தரை மரம் இல்லை, அது கீழ் அறையிட சீலிங்கைத் தாங்கிற மரம். அந்தக் காலத்து வீடுகளில அது அனேகமா 100க்கு 50 மில்லிமீட்டர், சில வீடுகளில இன்னும் சின்னன். அது பிளாஸ்டரையும் ரெண்டு சூட்கேஸையும் தாங்கும். ஆக்கள் இருக்கிற தரைக்கு சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 150 கிலோ தாங்கோணும் எண்டுதான் இஞ்சினியர் கணக்குப் போடுவார். அதால புதுத் தரைக்கு தனி மரம் வேணும், 220க்கு 47 மாதிரி ஒரு அளவு, அது பழைய மரங்களுக்கு இடையில, கீழ சீலிங்கில முட்டாமல் கொஞ்சம் உயர்த்தி வரும், அந்த மரங்களிட பாரம் இரும்பு வளையில இறங்கும், இரும்பு வளை ரெண்டு பக்கச் சுவரிலயும் கொங்கிரீட் கட்டைக்கு மேல இருக்கும். பலகை அடிச்ச லொஃப்ட் ஒண்டை நான் போய்ப் பாத்திருக்கிறன், கட்டிலில ஒராள் எழும்பினா கீழ் அறையில லைட் ஆடுது, சீலிங்கில நீட்டுக்கு வெடிப்பு. அந்த வீட்டுக்காரர் எல்லாத்தையும் கழட்டித் திரும்பச் செய்ய வேண்டி வந்தது.

இரும்பு தரைக்கு மட்டும் இல்லை, முகட்டுக்கும் வேணும். உங்கட கூரையில முகட்டில இருக்கிறது ஒரு மெல்லிய பலகை, அது பாரம் தாங்கிறதில்லை. முன்பக்கக் கைமரமும் பின்பக்கக் கைமரமும் ஒண்டை ஒண்டு தள்ளிக்கொண்டு நிக்கிறதாலதான் கூரை நிக்குது. டோர்மர் போடேக்க பின்பக்கக் கைமரத்தை வெட்டி எடுக்கிறம். அப்ப முன்பக்கத்துக்கு எதிர்த்தள்ளு இல்லாமல் போகுது, அது கீழயும் வெளியயும் சறுக்கப் பாக்கும். அதைப் பிடிச்சுக்கொள்ளத்தான் முகட்டில இரும்பு வளை. இடையில கைமரங்களைத் தாங்கிற குறுக்கு வளையும் அதுக்கு முண்டு குடுக்கிற கட்டைகளும் உங்கட லொஃப்டில நிக்கும், அறை வரோணுமெண்டா அந்தக் கட்டைகள் போகோணும், அதுகளுக்குப் பதிலா என்ன பிடிக்கும் எண்டு இஞ்சினியர் கணக்கில காட்டோணும். கணக்கு இல்லாமல் ஒரு கைமரத்தையும் வெட்ட விடாதேங்கோ.

சரி, இனி எங்கயிருந்து தொடங்கிறது. எல்லாரும் டோர்மர் எவ்வளவு அகலம், கதவு பெரிசா வைக்கலாமோ, குளியலறை டைல் என்ன நிறம் எண்டு தொடங்குவினம். நான் படியில இருந்து தொடங்கச் சொல்லுவன். ஏனெண்டால் படி வராட்டி அறை வராது, அதோட உங்கட மாதிரி வீட்டில படிதான் டோர்மரையே தீர்மானிக்கும்.

செமியில படி வழமையா வெளிப்பக்கச் சுவரோட, ஹோலுக்கு மேல இருக்கும். புதுப்படியை அதுக்கு மேலயே வைக்கிறதுதான் புத்தி, இல்லாட்டி கீழ ஒரு பெட்ரூமில பாதியை இழப்பீங்கள், ஒரு அறை எடுக்கப்போய் ஒரு அறை போன கதையாகும். ஆனா அந்த இடத்துக்கு மேல என்ன இருக்கு எண்டு பாருங்கோ. உங்கட கூரை முன்னுக்கு, பின்னுக்கு, பக்கத்துக்கு எண்டு மூண்டு பக்கம் சரிஞ்சு வாற ஹிப் கூரை எண்டால், படிக்கு மேல அந்தப் பக்கச்சரிவு வந்து தலையில இடிக்கும். படியில 2 மீட்டர் தலையுயரம் வேணும், லொஃப்டுக்கு ஒரு சலுகை இருக்கு, நடுவில 1.9, சரிவுப் பக்கம் 1.8 வரைக்கும் விடுவினம். அந்தச் சலுகையை எடுத்தாலும் ஹிப் அப்பிடியே இருந்தா அனேகமா கிடைக்காது. அதாலதான் இந்த வீடுகளில பக்கச்சரிவை எடுத்திட்டு சுவரை முக்கோணமா முகடு வரைக்கும் உயர்த்திக் கட்டிறது, அதை முதல் செய்து அதோட சேத்துத்தான் பின்பக்க டோர்மர். டோர்மர் மட்டும் எண்டு விலை சொன்ன பில்டரிட்ட "படியில தலைக்கு மேல எத்தினை உயரம் வரும், கீறிக் காட்டுங்கோ" எண்டு கேளுங்கோ.

படியிட கணக்கில ஒரு பொறி இருக்கு. ஒரு படி ஆகக்கூட 220 மி.மீ. உயரலாம், கால் வைக்கிற இடம் ஆகக்குறைய 220 இருக்கோணும் எண்டு விதி. ரெண்டையும் எல்லையில வைச்சா சரிவு 45 பாகை வந்திடும், ஆனா சரிவு 42க்கு மேல போகக்கூடாது. இப்ப பெட்ரூம் இருக்கிற தளத்துக்கும் புதுத் தளத்துக்கும் இடையில 2.7 மீட்டர் எண்டு வைப்பம். 13 எழுச்சி, ஒவ்வொண்டும் 208. 42 பாகைக்குள்ள நிக்க கால் வைக்கிற இடம் 231 வேணும், கடைசி எழுச்சி மேல் தரையில முடியிறதால அப்பிடி 12 இடம், சேத்துப் பாத்தாக் கிட்டத்தட்ட 2.8 மீட்டர் நீளம். அந்த 2.8 மீட்டரும், மேலயும் கீழயும் நிண்டு திரும்ப இடமும் உங்கட லாண்டிங்கில இருக்கோ எண்டு டேப்பை எடுத்து நீங்களே இண்டைக்கே அளக்கலாம்.

அதோட லொஃப்டுக்குள்ள ஏறி சீலிங் மரத்து மேல்பக்கத்திலயிருந்து முகட்டுப் பலகையிட அடிவரைக்கும் அளவுங்கோ. புதுத் தரை 165 மி.மீ. அளவு சாப்பிடும், மேல இரும்பும் டோர்மரிட தட்டைக் கூரையும் இன்சுலேஷனும் இன்னொரு 250, 300. 2.2 மீட்டர் இருந்தாச் செய்யலாம் எண்டு கன பேர் சொல்லுவினம், ஆனா கணக்குப் பாத்தா 1.8 மீட்டரும் மிஞ்சாது, உயரமான பிள்ளை நிமிந்து நிக்க ஏலாது. 2.5 இருந்தா நிம்மதி. குறைவெண்டால் கீழ் சீலிங்கைப் பதிக்கிற வழி இருக்கு, ஆனா கீழ் அறையெல்லாம் குழம்பும், செலவும் கூடும்.

இனிப் பிளானிங். நான் சொல்லுறது இங்கிலாந்துக்கு மட்டும், ஸ்கொட்லாந்தில விதி வேற. தனி வீட்டுக்கும் செமிக்கும் கூரையில 50 கன மீட்டர் வரைக்கும், வரிசை வீட்டுக்கு 40 வரைக்கும் பிளானிங் விண்ணப்பம் இல்லாமல் கூட்டலாம். ஃப்ளாட்டுக்கு இந்த உரிமை இல்லை. கன்சர்வேஷன் ஏரியாவிலயும் (பழைய தோற்றத்தை மாத்தாமல் பாதுகாக்கிற பகுதி) இல்லை, உங்களுக்குக் கிட்ட இருக்கிற பின்னர் (Pinner) எண்ட ஊர்ப் பக்கம் போனா அப்பிடி இடங்கள் இருக்கு, உங்கட தெரு அதுக்குள்ளயோ எண்டு கவுன்சில் வரைபடத்தில பாருங்கோ. தெருவைப் பாத்த முன்கூரையில டோர்மர் ஏலாது, அங்க கூரையோட படிஞ்ச ஜன்னல் மட்டும், அதுவும் 15 சென்டிமீட்டருக்கு மேல துருத்தக்கூடாது. டோர்மர் பழைய முகட்டை விட உயரக்கூடாது, தாவாரத்து விளிம்பிலயிருந்து சரிவு வழியா 20 சென்டிமீட்டர் உள்ளுக்கு நிக்கோணும். பால்கனி கூடாது. பக்கச் சுவரில ஜன்னல் வைச்சா மங்கல் கண்ணாடி, அறைத் தரையிலயிருந்து 1.7 மீட்டருக்குக் கீழ திறக்கக்கூடாது. ஓடும் பழசோட ஒத்துப்போகோணும்.

50 கன மீட்டர் எண்டா எவ்வளவு எண்டு பயப்பிடுறாக்கள் இருக்கினம், கணக்கு லேசு. டோர்மருக்கு அகலம் பெருக்கல் உயரம் பெருக்கல் ஆழம், அதில பாதி. 5.5 அகலம், 2.3 உயரம், 3 ஆழம் எண்டால் 19 கன மீட்டர். ஹிப்பை நிமித்தின பக்கத்துக்கு வீட்டு ஆழம் பெருக்கல் ஹிப்பிட நீளம் பெருக்கல் முகட்டு உயரம், அதில ஆறில ஒண்டு. 7.5, 3.75, 2.9 எண்டால் பதின்மூண்டரை சொச்சம். ரெண்டும் சேத்து 33க்குள்ள, 50க்கு இன்னும் இடம் இருக்கு. உங்களுக்கு முதல் இருந்தவை கூரையில ஏதாவது கூட்டியிருந்தா அதுவும் கணக்கில சேரும், மறக்காதேங்கோ.

இதெல்லாம் பொருந்தினாலும் லோஃபுல் டிவெலப்மென்ட் செர்டிஃபிகேட் எண்ட, இந்த வேலைக்கு பிளானிங் தேவையில்லை எண்டு உறுதிப்படுத்திற பத்திரத்தை வேலை தொடங்க முதல் கவுன்சிலிட்ட எடுங்கோ. கட்டாயம் இல்லை. பிளானிங் கட்டணத்தில பாதிதான். பிறகு வீடு விக்கேக்க வாங்கிறவரிட லோயர் கேக்கிற முதல் கேள்வி இதுதான்.

இப்ப எனக்கு மனசில ஆகப் பெரிசா இருக்கிற விசயம். பிளானிங் தேவையில்லை எண்டதைக் கேட்டிட்டு ஒண்டுமே தேவையில்லை எண்டு கன சனம் நினைக்குது. கட்டிற வேலை பாதுகாப்பு விதிப்படி நடக்குதோ எண்டு சோதிக்கிற பில்டிங் கன்ட்ரோல் வேற, அது கட்டாயம், சின்ன லொஃப்டுக்கும் கட்டாயம். அது பேப்பர் வேலை எண்டு நினைக்காதேங்கோ, உங்கட பிள்ளையள் நித்திரை கொள்ளப்போற இடம் நிலத்திலயிருந்து நாலரை மீட்டருக்கு மேல, நெருப்பெண்டால் ஜன்னலால குதிக்க ஏலாத உயரம், அவை தப்பி வாறதுக்கு ஒரே வழி அந்தப் படிதான். அதால லொஃப்டிலயிருந்து வாசல் கதவு வரைக்கும் படி போற பாதை முழுக்க 30 நிமிஷம் நெருப்பைத் தாங்கோணும், அந்தப் பாதைக்குத் திறக்கிற அறைக் கதவுகள் நெருப்புக் கதவா இருக்கோணும் (20 நிமிஷக் கதவு காணும், ஆனா 30 நிமிஷக் கதவுதான் லேசாக் கிடைக்கும்), ஒவ்வொரு தளத்திலயும் கரண்டில ஓடுற, ஒண்டோட ஒண்டு இணைச்ச ஸ்மோக் அலார்ம் வேணும். கீழ ஹோல் சுவரை உடைச்சு லவுஞ்சோட ஒண்டாக்கி வைச்சிருந்தீங்களெண்டால் இப்பவே சொல்லுங்கோ, அப்ப படி நேரா லவுஞ்சுக்குள்ள இறங்குது, அது இந்த விதிக்கு ஒத்துவராது, திரும்பச் சுவர் வைக்கோணும் இல்லாட்டி ஸ்ப்ரிங்க்ளர் மாதிரி வேற ஏற்பாடு செய்யோணும். பழைய அழகான கதவுகளைக் கழட்ட மனம் வராது, விளங்குது, ஆனாலும் கழட்டுங்கோ.

குளிருக்கும் வெக்கைக்கும் இன்சுலேஷன். சரிவான கூரைக்கு யூ வேல்யூ (வெப்பம் எவ்வளவு கடந்து போகுது எண்ட அளவு, குறையக் குறைய நல்லம்) 0.16 கேப்பினம். உங்கட கைமரம் 100 மி.மீ. எண்டால் ஓட்டுப் பக்கம் 50 காத்துக்கு விட்டாப் பிறகு 50தான் மிச்சம், அதுக்குள்ள இன்சுலேஷன் போர்ட் வைச்சு, கைமரத்துக்குக் கீழயும் இன்னொரு போர்ட் வரோணும். காத்துக்கு விடுற அந்த 50ஐ நிரப்பிப்போட்டா மரம் நனைஞ்சு உக்கும், வெளிய தெரியாது. 2022 ஜூலை 19ல இங்க 40 பாகைக்கு மேல போனது நினைவிருக்கும், அண்டைக்கு லொஃப்டில படுத்தாக்களைக் கேட்டுப் பாருங்கோ. முன்கூரை ஜன்னலும் டோர்மர் ஜன்னலும் ரெண்டும் திறக்கக்கூடியதா வைச்சாக் காத்து குறுக்கால ஓடும்.

டொய்லெட்டை கீழ் பாத்ரூமுக்கு நேர மேல வையுங்கோ. 110 மி.மீ. பைப்பைத் தரை மரத்தை வெட்டிக் கொண்டு போக ஏலாது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு பார்ட்டி வோல் (ரெண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர்) நோட்டீஸ் குடுக்கோணும், 1996ம் ஆண்டுச் சட்டம். பொதுச்சுவரில இரும்பு ஏத்திறதால ரெண்டு மாசத்துக்கு முதல். அவை 14 நாளுக்குள்ள எழுத்தில சம்மதிக்காட்டி சர்வேயர் வைக்க வேண்டி வரும், அனேகமா செலவு உங்கட தலையில. கடிதம் அனுப்ப முதல் நேர போய்க் கதையுங்கோ, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பிளானைக் காட்டுங்கோ, எத்தினையோ வீட்டில அது ஒண்டே காணுமாயிருந்திருக்கு. லொஃப்டில வௌவால் இருந்தா வேலையை நிப்பாட்டோணும், அது சட்டத்தில பாதுகாத்த உயிர். சீலிங்கில பழைய ஆர்டெக்ஸ் (கோலம் மாதிரி மேடு பள்ளமாப் பூசின பூச்சு) இருந்தா அஸ்பெஸ்டஸ் இருக்கோ எண்டு சோதிச்சிட்டு உடையுங்கோ.

அம்மாவைப் பற்றியும் சொல்லோணும். அவவை மேல அனுப்பாதேங்கோ. ரெண்டு படிக்கட்டு, அதிலயும் மேல் படி செங்குத்து, ராவில பாத்ரூமுக்கு எழும்பிற வயசு. நீங்கள் ரெண்டு பேரும் மேல போய், உங்கட அறையை அவவுக்குக் குடுங்கோ. முழங்காலுக்கு ஏலாத நாள் வந்தாக் கீழ ஒரு அறை வேணும் எண்டதையும் இப்பவே யோசியுங்கோ.

ஆகவே ஒழுங்கு இது: முதல் உயரமும் படியும் அளந்து, பிளான் கீறிறவரைப் பிடிச்சு, இஞ்சினியர் கணக்கெடுத்து, செர்டிஃபிகேட்டுக்கும் பில்டிங் கன்ட்ரோலுக்கும் போட்டு, அதுக்குள்ள நோட்டீஸும் குடுத்து, அந்தப் பிளானையும் கணக்கையும் மூண்டு பில்டரிட்ட குடுத்து விலை கேளுங்கோ, வாட் வரி 20 சதவீதம் உள்ளயோ வெளியயோ எண்டும் கேளுங்கோ. ஹிப்பும் டோர்மரும் சேந்த வேலை பத்துக் கிழமைக்குக் குறைய ஒழுங்கா முடிஞ்சதை நான் கண்டது குறைவு, ஆறு எண்டு சொன்னவரிட்ட எதை விடப்போறார் எண்டு கேளுங்கோ. தொடங்க முதல் வீட்டு இன்சூரன்ஸ்காரருக்கும் மோர்ட்கேஜ்காரருக்கும் எழுத்தில அறிவியுங்கோ. காசைக் கட்டம் கட்டமாக் குடுங்கோ, இரும்பும் இன்சுலேஷனும் பிளாஸ்டர் போர்டுக்குள்ள மறைய முதல் இன்ஸ்பெக்டர் வந்து பாத்தாரோ எண்டு நீங்களே கேளுங்கோ, கடைசிப் பங்கை பில்டிங் கன்ட்ரோலிட கம்ப்ளீஷன் செர்டிஃபிகேட் உங்கட கையில வந்தாப் பிறகு குடுங்கோ.