சம்பளமும் கிடையாது, செலவும் நம்முடையதா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஊர், வயது 27. தனியார் மருத்துவமனையில் ஐந்து வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஆப்பிரிக்காவில் இலவசமாக ஆபரேஷன் செய்யும் மெர்சி ஷிப்ஸ் கப்பலில் மூன்று மாதம் தன்னார்வலராகப் போக ஆசை. சபையில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பாதான் “சம்பளமும் கிடையாது, டிக்கெட்டும் நாமே எடுக்கணும், இது ஊழியமா, ஏமாத்து வேலையா?” என்கிறார். படிப்புக்கு வாங்கிய கடன் வேறு பாக்கி இருக்கிறது. போகலாமா?

பதில்: அன்புத் தங்கைக்கு, அப்பா மேல் வருத்தப்படாதீர்கள். வெளிநாட்டில் நர்ஸ் வேலை என்று சொல்லி லட்சக்கணக்கில் கறந்த ஏஜென்டுகளைப் பார்த்த ஊர்க்காரர் வேறு எப்படிப் பேசுவார்? ஆனால் ஏமாற்றுகிறவன் முதலில் பெரிய சம்பளத்தைக் காட்டுவான், அப்புறம் ‘பிராசஸிங் ஃபீஸ்’ என்று தன் சொந்தக் கணக்குக்கு ஜிபே பண்ணச் சொல்வான். இங்கே சம்பளமே இல்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்கள். 1978-ல் ஆரம்பித்த அமைப்பு இது. டாக்டரிலிருந்து சமையல்காரர் வரை பெரும்பாலும் தன் செலவில் வருகிறவர்களை வைத்துத்தான் கப்பலையே ஓட்டுகிறார்கள், நோயாளியிடம் ஒரு பைசா வாங்காமல் இருக்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒன்றில் மட்டும் கவனம்: விண்ணப்பத்தை அவர்களுடைய இணையதளத்திலேயே நேரடியாகப் போடுங்கள், நடுவில் “நான் வாங்கித் தருகிறேன்” என்று எந்த பிரதரும் சிஸ்டரும் வேண்டாம்.

சொந்தப் பணத்தில் ஊழியம் என்பது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. 1903-ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் ஆள் அனுப்பியபோது வெளிநாட்டுக் காசை நம்பாமல் நம் மக்களின் காணிக்கையில்தான் அனுப்பினார்கள். அதில் முன்நின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் பெயரை அப்பா கட்டாயம் கேள்விப்பட்டிருப்பார்.

சரி, அங்கே என்ன வேலை? கப்பல்களில் ஒன்றான குளோபல் மெர்சி 2023 ஆகஸ்டில் சியரா லியோனின் ப்ரீடவுன் துறைமுகத்துக்குப் போனது. பிளவுபட்ட உதடு, முகத்தில் வளர்ந்த கட்டி, வளைந்த கால், தீக்காயத்தில் ஒட்டிக்கொண்ட கை என்று வருடக்கணக்காக மருத்துவம் கிடைக்காமல் கிடந்தவர்கள் வருவார்கள். வார்டில் இடம் குறைவு, கூட வரும் அம்மா பிள்ளையின் கட்டிலுக்கு அடியிலேயே மெத்தை போட்டுப் படுத்துக்கொள்வார், நீங்கள் டிரெஸ்ஸிங் மாற்றக் குனியும்போது அவர் கால் தட்டும். சியரா லியோன் நோயாளி அந்த ஊர் கிரியோ மொழி பேசுவார், உள்ளூர் ஊழியர் ஒருவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பார். பிரசங்கம் பண்ணுகிற இடம் என்று நினைத்துப் போகாதீர்கள். பகலும் இரவுமாக ஷிஃப்ட், வைட்டல்ஸ், வலி மாத்திரை, அழுகிற பிள்ளை. ஐந்து வருடமாக வார்டில் நின்ற உங்கள் கைதான் அவர்களுக்கு வேண்டும்.

இனி பணம். மூன்று மாதம் உங்களுக்குச் சம்பளம் வராது, பேங்க் தவணை நிற்காது. அந்த மூன்று மாதத் தவணையும் டிக்கெட், இன்சூரன்ஸ், விசா, தடுப்பூசிச் செலவும் முழுதாகக் கையில் சேரும்வரை தேதி குறிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு வருடம் தள்ளிப்போனால் தள்ளிப்போகட்டும், அழைப்பு ஓடிப்போகாது. நகையை அடகு வைத்துப் போகிற மிஷனெரியைப் பார்த்துப் பெருமைப்பட எனக்குத் தெரியாது. சபையில் கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம், ஆனால் தேவையான தொகையை எழுதிக் கேளுங்கள், திரும்பி வந்ததும் கணக்கைக் கொடுங்கள். அங்குள்ள பிள்ளைகளின் முகத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுக் காணிக்கை கேட்கிற வேலை மட்டும் கூடாது, உங்கள் வார்டு நோயாளியை யாராவது அப்படிப் போட்டால் சும்மா விடுவீர்களா?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போல அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான் அது செல்லும். அங்கே கொடுக்கும் தடுப்பூசி அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே பிடித்து 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டுப் போவதற்கு முன்பே ஆரம்பியுங்கள். நர்சிங் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் மருத்துவமனை மேனேஜ்மென்ட்டிடம் பேசுங்கள். மூன்று மாத லீவும், திரும்பி வந்தால் அதே வேலையும் உண்டு என்று எழுத்தில் வாங்குங்கள். “போய்ட்டு வாம்மா, பார்த்துக்கலாம்” என்று மேட்ரன் வாயால் சொன்னதை நம்பிக் கிளம்ப வேண்டாம். அந்தக் கடிதத்தையும் செலவுக் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் உட்காருங்கள், அதுவரை போதகரை வீட்டுக்கு அனுப்பிப் பேச வைக்காதீர்கள்.