மன்னார்குடி: அப்பாவின் கை நடுக்கத்துக்கு எந்த டாக்டர்?

பெயருக்குப் பின்னால் டி.எம். நியூராலஜி (நரம்பியல் மருத்துவத்தில் மேல்படிப்பு) என்று இருப்பவரிடம் போங்கள். எம்.சி.எச். என்றால் அறுவை சிகிச்சை செய்பவர், கை நடுக்கத்துக்கு முதலில் அவர் தேவையில்லை.

மன்னார்குடியில் நீங்கள் போன கிளினிக்கின் போர்டில் எட்டு டாக்டர்களின் பெயர் இருந்தும் நரம்பு டாக்டர் கிடைக்கவில்லை, பொது மருத்துவரே பார்த்து அனுப்பினார் என்கிறீர்கள். இப்படிப்பட்ட கிளினிக்குகளில் பலர் வெளியூரிலிருந்து வாரம் ஒருநாள் வருபவர்கள். போன் செய்து, "டாக்டர் எந்தக் கிழமை வருவார், அடுத்த முறையும் அவரே பார்ப்பாரா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஃபைலை அங்கேயே வைத்துக்கொண்டால் அதிலுள்ள சீட்டுகளை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் அம்மாவுக்கு இதைச் செய்யாமல் விட்டு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இரண்டு முறை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அதற்குள் அப்பாவின் கையை வீடியோ எடுங்கள்: மடியில் சும்மா கிடக்கும்போது ஒன்று, காபி டம்ளரைத் தூக்கும்போது ஒன்று. எப்போது நடுங்குகிறது என்பதுதான் டாக்டருக்கு முக்கியம். அப்புறம், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு கொண்டுபோங்கள். தலைசுற்றலுக்குத் தரும் சின்னாரிசின் மாதிரியான மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டாலும் நடுக்கம் வரும். சந்தேகப்பட்டு நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

காத்திருக்க முடியாவிட்டால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

ஆனால் திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ கிழமை பார்க்காதீர்கள். உடனே 108. அது பக்கவாதமாக இருக்கலாம்; மூளை ரத்தக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.