பத்து மணிக்கு எழுப்பிக் கேட்கிற வாய்ப்பாடு

கேள்வி: அம்மா, எனக்கு வயது 41. சொந்தமாகச் சின்ன பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். ஒரே பையன், நாலாம் வகுப்பு. படிப்பில் கவனமே இல்லை. நான் கொஞ்சம் கண்டிப்பானவன், தப்பு செய்தால் அடிப்பேன். மனைவிக்கு இது பிடிக்கவில்லை, வீட்டில் தினமும் சண்டை. பழைய ரோமானியர்களைப் பற்றி வீடியோக்கள் நிறையப் பார்ப்பேன். பிள்ளைகளை அடித்து வளர்த்ததால்தானே அவர்கள் உலகத்தையே ஆண்டார்கள்? நானும் அந்த ரோமானியத் தலைவர் கேட்டோ மாதிரி ஒரு அப்பாவாக இருக்க ஆசைப்படுகிறேன். யூனிட்டை மூடிவிட்டு வர ராத்திரி பத்து மணி ஆகிவிடும். பையன் தூங்கியிருந்தாலும் எழுப்பி, டியூஷன் மிஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை வைத்துக் கேள்வி கேட்பேன், வாய்ப்பாடு சொல்லச் சொல்வேன். கண்டிப்பு பிள்ளையின் நன்மைக்குத்தான் என்று என் மனைவிக்குப் புரியும்படி எழுதுங்கள்.
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, பிள்ளையை அடிப்பதற்குச் சாட்சி தேடி எனக்கு எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தங்கள் தாத்தாவைக் கூப்பிடுவார்கள், பழைய வாத்தியாரைக் கூப்பிடுவார்கள். நீங்கள் ரோமாபுரி வரைக்கும் போய்விட்டீர்கள். சரி, அங்கேயே போய் விசாரிப்போம். ஆனால் உங்கள் மனைவிக்குப் புரியவைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அவருக்கு ஏற்கெனவே புரிந்துதான் சண்டை போடுகிறார். இந்தப் பதில் உங்களுக்கு.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது: "பையன் தூங்கியிருந்தாலும் எழுப்பி." அடிப்பதைப் பெருமையாகச் சொன்னீர்கள், இதைச் சாதாரணமாகச் சொன்னீர்கள். நாள் முழுக்க அவன் என்ன படித்தான், எந்த இடத்தில் திணறினான் என்று பார்க்க நீங்கள் அங்கே இல்லை. வந்ததும் ஃபைனல் செக்கிங் மட்டும் நடக்கிறது. தையல் நடக்கும்போது எட்டிப் பார்க்காதவர், கடைசியில் பீஸைப் பிரித்து டேமேஜ் என்று தூக்கிப் போடுகிறார். உங்கள் யூனிட்டில் ஒரு சூப்பர்வைசர் இப்படி வேலை செய்தால் ஒரு வாரம் வைத்திருப்பீர்களா?

ரோமில் அடி இருந்தது. அதை மறைக்க மாட்டேன். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்தில், ஜூலியா ஃபெலிக்ஸ் என்ற பெண்மணியின் பெரிய வளாகச் சுவரில் ஊரின் பொது வெளியை ஓவியமாகத் தீட்டியிருந்தார்கள். அதில் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. ஒரு பையனின் உடுப்பை உருவிவிட்டு, இன்னொருவன் அவனை முதுகில் சுமந்து கைகளைப் பிடித்திருக்கிறான். மற்றொருவன் கால்களைப் பிடித்திருக்கிறான். வாத்தியார் சாட்டையை ஓங்குகிறார். பக்கத்தில் மற்ற பிள்ளைகள் மடியில் எழுத்துப் பலகையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் பார்க்கிற இடத்தில் இதெல்லாம் நடக்கிறது. வீட்டுச் சுவரில் அலங்காரமாக வரைந்து வைக்கிற அளவுக்கு அது அங்கே வாடிக்கை.

அடி வாங்கியவர்களில் ஒருவர் பிற்காலத்தில் என்ன சொன்னார் என்பதும் பதிவாகியிருக்கிறது. ரோமானிய ஆப்பிரிக்காவில் கி.பி. 354இல் பிறந்த அகஸ்டின், பள்ளியில் இன்றைக்கு அடி விழக் கூடாது என்று சின்னப் பையனாகக் கடவுளிடம் வேண்டிக்கொண்டதையும், அவன் உடம்பில் இருந்த தழும்புகளைப் பார்த்துப் பெற்றவர்களே சிரித்ததையும், நாற்பது வயது தாண்டி பிஷப் ஆன பிறகு உட்கார்ந்து எழுதுகிறார். அடிகூட இல்லை, அந்தச் சிரிப்பைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை என்று எனக்குத் தோன்றும். எழுபது வயதை ஒட்டியும் ஆறவில்லை. மறுபடி சிறுவனாகிறாயா, சாகிறாயா என்று கேட்டால் யார்தான் சாவைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்று எழுதிவைத்தார்.

உலகத்தை ஆண்டார்கள் என்கிறீர்கள். ரோமிடம் தோற்றுப்போன கிரேக்கர்களும் எகிப்தியர்களும்கூடப் பிள்ளைகளை அடித்தவர்கள்தான். அந்தக் கணக்கு அங்கேயே இடிக்கிறது, விடுங்கள்.

இப்போது உங்கள் கேட்டோவுக்கு வருவோம். கி.மு. 234 முதல் 149 வரை வாழ்ந்த மூத்த கேட்டோ. கண்டிப்புக்குப் பேர் போனவர். வயதாகிப்போன அடிமைகளை விற்றுவிடு என்று எழுதிய கல் நெஞ்சுக்காரர், அதனால் அவரை முழுக்கக் கொண்டாட என்னால் முடியாது. ஆனால் அப்பாவாக அவர் எப்படி இருந்தார் என்பதை, பழங்காலத் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய கிரேக்கர் புளூட்டார்க் விவரமாக எழுதியிருக்கிறார். உங்கள் வீடியோக்காரர் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

குழந்தை பிறந்த பிறகு, மனைவி அதைக் குளிப்பாட்டித் துணி சுற்றும் நேரத்தில் கேட்டோ வீட்டில் இருப்பார். அரசாங்க வேலையைத் தவிர வேறு எந்த வேலையும் அவரை அந்த நேரத்தில் வெளியே இழுக்க முடியாது. இத்தனைக்கும் அவர் ரோமின் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றான கான்சல் பதவி வரைக்கும் போன மனிதர். பையனுக்கு விவரம் தெரிய ஆரம்பித்ததும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? அவரேதான். வீட்டிலேயே கைலோ என்று ஒரு அடிமை இருந்தான். நல்ல படிப்பாளி, ஊர்ப் பிள்ளைகள் பலருக்குப் பாடம் நடத்தியவன். அவனிடம் விட்டிருக்கலாம். படிக்கத் தாமதமானால் என் பிள்ளையை ஒரு அடிமை திட்டுவதும் காதைத் திருகுவதும் கூடாது, படிப்பு மாதிரி ஒரு பெரிய விஷயத்துக்கு என் பிள்ளை அடிமைக்குக் கடன்படவும் கூடாது என்று மறுத்துவிட்டார். அதில் அடிமை என்ற இளக்காரம் இருக்கிறது, அதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் அதன் பின்னால் இருக்கிற பிடிவாதத்தைப் பாருங்கள். எழுத்து, சட்டம், ஈட்டி எறிதல், குதிரை ஏற்றம், குத்துச்சண்டை, வெயிலும் குளிரும் தாங்குவது, டைபர் ஆற்றின் சுழலில் நீந்துவது, எல்லாவற்றுக்கும் அப்பாதான் வாத்தியார். ஊரின் பழைய சரித்திரத்தைப் பையன் வீட்டிலேயே படிக்க வேண்டும் என்று தன் கையாலேயே பெரிய பெரிய எழுத்துகளில் எழுதிக் கொடுத்தார். பையன் முன்னால் ஒரு கெட்ட வார்த்தை பேச மாட்டார். உங்கள் வீட்டில் மனைவியோடு நடக்கிற சண்டை பையன் காதில் விழுகிறதா, இல்லையா?

அடியைப் பற்றியும் கேட்டோ சொல்லியிருக்கிறார். மனைவி மேலோ பிள்ளை மேலோ கை வைக்கிறவன், புனிதங்களிலேயே மேலான புனிதத்தின் மேல் கை வைக்கிறான் என்பார். யார் சொன்னது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அன்றைய ரோமானியச் சட்டம் அப்பாவின் கையில் பிள்ளையின் உயிரையே கொடுத்திருந்தது. அந்த அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த மனிதர்தான் இப்படிப் பேசினார். பையனின் உடம்பு மென்மையானது, ரொம்பக் கஷ்டம் தாங்காது என்று தெரிந்ததும் தன் கெடுபிடியை அவனுக்காகத் தளர்த்தியும் கொடுத்தார். அந்த "மென்மையான" பையன்தான் பின்னால் கி.மு. 168இல் மாசிடோனியர்களுக்கு எதிரான பிட்னா போரில் கை தவறிய தன் வாளைத் தேடி, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு எதிரிக் கூட்டத்துக்குள் திரும்பப் போனான். பிணக் குவியலுக்கு நடுவில் இருந்து அதை எடுத்து வந்தான். அப்பா அதைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

பாராட்டி. நீங்கள் உங்கள் பையனை எதற்காவது பாராட்டியதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

நீங்கள் இங்கே என்னை மறிப்பீர்கள், தெரியும். "கேட்டோவுக்கு நிலம் இருந்தது, ஆள் இருந்தது, நான் சம்பாதிக்க வேண்டாமா? அவனுக்காகத்தானே இந்த ஓட்டம்?" இதைச் சொல்லாத தகப்பனை நான் பார்த்ததில்லை. அதனால் பணமில்லாத ஒருவரைக் காட்டுகிறேன். கவிஞர் ஹொரேஸின் அப்பா அடிமையாக இருந்து விடுதலையானவர். கையில் கொஞ்சம் நிலம், ஏல வியாபாரத்தில் பணம் வசூலிக்கிற வேலை. உள்ளூர்ப் பள்ளியில் பெரிய இடத்துப் பிள்ளைகள் படித்தார்கள். அது போதாது என்று அவர் பையனை ரோமுக்கே கூட்டிப்போனார். பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூடவே இருந்து கண்காணிக்க அங்கே ஓர் அடிமை இருப்பான். ஹொரேஸுக்கு அந்த வேலையை அப்பாவே செய்தார். ஒவ்வொரு வாத்தியாரிடமும் பையனோடு தானும் போய் நின்றார். புகழ் வந்த பிறகு அந்த மகன் எழுதினான்: பெற்றோரை மறுபடி தேர்ந்தெடுக்க இயற்கை வாய்ப்புக் கொடுத்தாலும் எனக்கு இவர்களே போதும்.

அதே ஹொரேஸுக்கு ஆர்பிலியஸ் என்று ஒரு வாத்தியார். "அடிக்கிறவர்" என்றே அவரைக் கவிதையில் நிரந்தரமாக்கிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், பெற்றோரின் அலட்சியத்தாலும் பேராசையாலும் வாத்தியார்கள் படுகிற அவதியைப் பற்றி அந்த ஆர்பிலியஸ் ஒரு புத்தகமே எழுதினாராம். ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் சொல்கிறார். அடித்துப் பேர் வாங்கியவரே கடைசியில் பெற்றவர்களைத்தான் கைகாட்டியிருக்கிறார். உங்கள் டியூஷன் மிஸ் எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவார் என்று யோசித்துப் பார்த்தேன்.

படிப்பு விஷயத்தில் ரோமில் யாரையாவது சாட்சிக்குக் கூப்பிடுவதானால் குயின்டிலியனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஸ்பெயினில் பிறந்தவர். பேரரசர் வெஸ்பாசியன் அரசுப் பணத்தில் பேச்சுக்கலை ஆசிரியர்களுக்குச் சம்பளம் ஏற்படுத்தியபோது அதைப் பெற்றவர். அனுபவம் முழுவதையும் 12 பாகங்களில் எழுதினார். சின்னப் பிள்ளைக்கு யானைத் தந்தத்தில் எழுத்துகள் செய்து விளையாடக் கொடுக்கலாம் என்பார். கேள்வி கேளுங்கள், பாராட்டுங்கள், சில சமயம் அவனே ஜெயித்ததாக நினைக்கட்டும், படிப்பின் மேல் வெறுப்பு மட்டும் வந்துவிடக் கூடாது என்பார். அடியைப் பற்றி அவர் எழுதியதைத்தான் உங்களுக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். படிக்கும்போது கூடவே இருந்து கவனிக்க ஒருவர் இருந்தால் அடிக்கவே தேவை வராது. கவனிக்க வேண்டியவர்கள் அலட்சியமாக இருப்பதால், பிள்ளையைச் சரியாகச் செய்யவைக்காமல், ஏன் செய்யவில்லை என்று அடிக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதியது. இன்னொன்றும் கேட்கிறார்: சின்னவனை அடித்து மடக்குகிறாய், நாளைக்கு வளர்ந்து, இதைவிடப் பெரிய பாடம் படிக்கும்போது என்ன செய்வாய்?

அந்தக் குயின்டிலியனின் மனைவி சின்ன வயதிலேயே இறந்துபோனார். இரண்டு மகன்களில் ஒருவன் ஐந்து வயதில் போனான், இன்னொருவன் பத்து வயதை ஒட்டிப் போனான். பெரியவன் சாகும் தறுவாயில் நினைவு தப்பி என்னென்னவோ பிதற்றினானாம், எல்லாம் பள்ளிக்கூடமும் பாடமும். படிப்பு அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு பிடித்திருந்தது. உங்கள் பையன் தூக்கத்தில் என்ன உளறுகிறான் என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். நீங்கள் எழுப்பிவிட்டு, அடித்துவிட்டு, சாப்பிடப் போன பிறகு பக்கத்தில் படுக்கிறவர் அவர்தான்.

இனி செய்ய வேண்டியது. பத்து மணி விசாரணை இன்றோடு நிற்க வேண்டும். தூங்குகிற பிள்ளையை எழுப்ப நோயும் தீயும்தான் காரணம், வாய்ப்பாடு காரணமில்லை. ரோமில் பள்ளிகள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வாத்தியார் சத்தத்தில் தூக்கம் போகிறது என்று மார்ஷியல் என்ற கவிஞர் புலம்பியிருக்கிறார். உங்களுக்கும் காலை இருக்கிறது. யூனிட் திறப்பதற்கு முன் அரை மணி நேரம் அவன் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். அவன் கணக்குப் போடும்போது பேசாமல் பாருங்கள், எங்கே பென்சில் நிற்கிறதோ அங்கே மட்டும் கேளுங்கள். கேட்டோ செய்த மாதிரி உங்கள் கையெழுத்தில் அவனுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள், உங்கள் ஊர்க் கதையோ, உங்கள் அப்பா முதன்முதலில் வேலைக்குப் போன கதையோ. டியூஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டியூஷன் மிஸ்ஸின் கடமை மாதச் சம்பளத்தோடு முடிகிறது. பெற்றவன் கடமை ஃபீஸ் கட்டியதோடு முடியும் என்று யார் உங்களுக்குச் சொன்னார்கள்?

ஆர்டர் குறையும் என்றால் குறையட்டும். இதைச் சொல்வது எனக்குச் சுலபம் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பிரம்பு இருந்தால் அதை உங்கள் மனைவி கையால் வெளியே போடச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், பையனும் பார்க்கட்டும். அப்புறம், அடுத்த கடிதத்தை நீங்கள் எழுத வேண்டாம். உங்கள் மனைவி எழுதட்டும். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு உங்களோடு பேசுவேன்.